எறும்பு ஏறிய ஹெலிகாப்டர்

அத்தியாயம் 6

“போட மாட்டேன்” என்றாள் ஹில்டா.

மேனாம்பேட்டில் அவளுடைய தெருக்கோடி வீடு. டீப்பாயின் மேல் டைப் அடித்த காகிதம் ஒன்று, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. காகிதம் பறந்து போகாமல் இருக்க அதன் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் இருந்த காபியைத் துலுக்கானம் எப்போதோ காலி செய்துவிட்டான். டீப்பாய்க்கு ஒரு கால் குட்டை. யார் கை வைத்தாலும் டடக் டடக் என்று ஆடியது.

“அவசரமில்லை. இன்னொரு தடவை படிச்சுப் பாரும்மா” என்றாள் லோகநாயகி.

அம்பத்தூர் ஓ.டி.யில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். வயது நாற்பத்தைந்து. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், அதை எதற்கு வாங்கினாள் என்று துலுக்கானத்துக்கு இன்றுவரை புரியவில்லை. அவளுக்கு ஆட்டோ ஓட்டுவது, ஆள் விசாரிப்பது, அடி வாங்குவது மூன்றும் துலுக்கானத்தின் பொறுப்பு. வாய் பேசுவது அவனே சேர்த்துக்கொண்டது.

“படிச்சுட்டேன் மேடம். ‘ரோட்டர் டாம்பர்களை நான் சரியாகப் பரிசோதிக்கவில்லை, விபத்துக்கு என் அஜாக்கிரதையே காரணம்.’ நான் பார்த்தேன். மூணையும் பார்த்தேன். மூணும் இறுக்கமா இருந்துச்சு. பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“போட்டா என்ன ஆகும்?”

“லைசென்ஸ் போயிடும். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனியும் என் கையில ஒரு ஸ்பேனர் குடுக்காது. பொம்பளைகிட்ட ஹெலிகாப்டரை விட்டதே தப்புன்னு ஊரெல்லாம் சிரிப்பாங்க.”

“போடலைன்னா?”

“அப்பவும் போகலாம். ஆனா அவங்க புடுங்கினதா இருக்கும். நானா தூக்கிக் குடுத்ததா இருக்காது.”

லோகநாயகிக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கித் தரத்தான் முதலாளி ராஜசேகரன் நேற்று அவளை அமர்த்தியிருந்தார் என்பது வேறு விஷயம்.

ராஜசேகரன் வயலுக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் கம்பெனி நடத்துகிறவர். கம்பெனியிடம் இருந்ததே இரண்டு ஹெலிகாப்டர்கள், அவற்றைப் பராமரிக்கும் இன்ஜினியர் ஹில்டா. வேலைக்காரர்கள் அவற்றுக்கு ராமன், லட்சுமணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மைதானத்தில் லட்சுமணனை ஸ்டார்ட் செய்தார்கள். அது தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்து, ஆட்டம் ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் தன்னைத்தானே அடித்து நொறுக்கிக்கொண்டது. பைலட் ரகுநாதன் நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு தப்பினார். ஒரு பிளேடுத் துண்டு வாட்ச்மேன் குடிசையின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவர் வழியாக வெளியே போனது. வாட்ச்மேன் வீராசாமி அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்ததால் இன்னும் வாட்ச்மேனாக இருக்கிறார்.

இன்று மாலை மூன்று மணிக்கு விமானத் துறை அதிகாரி விசாரணைக்கு வருகிறார். அதற்குள் ராஜசேகரனுக்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

லோகநாயகி டம்ளரை எடுத்தாள். காகிதத்தை எட்டாக மடித்தாள். குனிந்து டீப்பாயின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

“இப்பதான் இந்தக் காகிதத்துக்கு ஒரு பிரயோஜனம்” என்றாள். “சொல்லும்மா. டாம்பர்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அப்பதான் இவனுக்கும் புரியும்.”

“அக்கா, எனுக்குப் புரிஞ்சாதான் உனுக்குப் புரியும்” என்றான் துலுக்கானம்.

ஹில்டா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மேல சுத்தற பிளேடு மூணு. ஒவ்வொண்ணும் அடியில ஒரு கீல்ல மாட்டியிருக்கும், கதவு மாதிரி. சுத்தறப்ப ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்ன பின்ன அசையணும். அசைய விடலைன்னா அடியிலயே முறிஞ்சிடும். ஆனா அதோட இஷ்டத்துக்கும் விடக் கூடாது. அதைப் பிடிச்சு அடக்கறதுதான் டாம்பர். எங்க மெஷின்ல உள்ளார வெறும் தட்டுங்கதான், ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கும். அந்த உரசல்தான் பிடிமானம்.”

“உரசல் போயிட்டா?”

“மூணு பிளேடும் சம இடைவெளியில நிக்காது. ஒரு பக்கமா ஒதுங்கிடும். அப்ப பாரம் நடுவுல இருக்காது இல்லையா, அந்தப் பாரம் சுத்தறப்ப உடம்பைப் புடிச்சுக் குலுக்கும். உடம்பு தரையில காலை ஊணிக்கிட்டு ஆடும். அந்த ஆட்டம் திரும்பப் போய் பிளேடை இன்னும் ஒதுக்கும். பிளேடு உடம்பை ஆட்டும், உடம்பு பிளேடை ஆட்டும். ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டுக்கிட்டே போகும். கிரவுண்ட் ரெசனன்ஸ்னு பேரு.”

“எங்க ஊட்ல கிரைண்டர் வாங்கின புதுசுல கல்லு ஒரு சைடா குந்திக்கிச்சுக்கா. கிரைண்டரே அடுப்பங்கரையிலேர்ந்து நடந்து கூடத்துக்கு வந்துடுச்சு” என்றான் துலுக்கானம்.

“அதேதான்” என்றாள் ஹில்டா. “கூடத்துக்கு வந்துச்சு, அதோட விட்டுச்சு. இதுக்கு இன்ஜின் பெரிசு.”

“பறந்துகினு இருக்கறப்ப ஆடாதா?”

“கால் தரையில ஊணினாதான் இந்த ஆட்டம். மேல எழும்பிட்டா அடங்கிடும். கேப்டனுக்கு எழும்ப நேரம் கிடைக்கல.”

லோகநாயகி எழுந்தாள். “டாம்பர் இறுக்கமா இருக்கா, தளர்ந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?”

“கொக்கி போட்ட ஸ்பிரிங் கேஜ் இருக்கு. பிளேடுல மாட்டி இழுக்கணும். எவ்வளவு இழுத்தா நகருதுன்னு முள்ளு காட்டும். ஆனா கேஜ் இப்ப ஷெட்ல இல்ல. ஆக்சிடெண்ட் ஆன அன்னிக்கே முதலாளி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு.”

“எதுக்கு?”

“பத்திரமா இருக்கட்டும்னு சொன்னாரு.”

லோகநாயகி நெற்றியில் இருந்த கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். துலுக்கானத்துக்குத் தெரியும், அது அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அடையாளம். அவன் ஆட்டோ சாவியை எடுத்தான்.

ஆவடி தாண்டி பருத்திப்பட்டு ஏரி ஓரமாகப் பூந்தமல்லி ரோட்டில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தபோது, “நிறுத்து” என்றாள் லோகநாயகி. எதிரில் ஒரு பழைய பேப்பர் கடை. வாசலில் கொக்கித் தராசு தொங்கியது. மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் முள்.

துலுக்கானம் இறங்கிப் போனான். கடைக்காரரோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“சாயங்காலம் திருப்பிக் குடுக்கணுமாம். ஆனா ஒண்ணுக்கா. இந்தத் தராசு அநியாயத்துக்குப் பொய் சொல்லும். எங்கம்மா இங்க பேப்பர் போட்டுட்டு வந்து ஒரு வாரம் அயுவும்.”

“சொல்லட்டும். மூணு டாம்பரையும் ஒரே தராசுதானே நிறுக்கப் போகுது? மூணுக்கும் ஒரே பொய்தான். எனக்கு எடை வேண்டாம், வித்தியாசம் போதும்.”

பின் சீட்டில் ஹில்டா சிரித்தாள். ஆக்சிடெண்டுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னாள்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் வீராசாமி ஓடி வந்தார். ஹில்டாவைப் பார்த்து நின்றார்.

“இன்னாம்மா நீ வந்துகீறே. உன்ன உள்ள உடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிகீறாரு.”

“மொதலாளி எங்க?” என்றாள் லோகநாயகி.

“ஆபீசர இட்டார ஸ்டேசனாண்ட போய்கீறாரு.”

“நாங்க முதலாளி அனுப்பின ஆளுங்க. கையெழுத்து வாங்கணும்னா சம்பவம் நடந்த இடத்துல வெச்சுத்தான் வாங்கணும், அதான் சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் இருந்ததாக வீராசாமிக்கும் தெரியாது, லோகநாயகிக்கும் தெரியாது. வழி கிடைத்தது.

மைதானத்தின் நடுவில் ராமன் நின்றிருந்தது. கேப்டன் ரகுநாதன் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் பறந்து ஓய்வு பெற்றவர். ஹில்டாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னைக் கொல்லப் பார்த்தவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?” என்றார் லோகநாயகியிடம்.

“அதைத்தான் விசாரிக்கறோம் கேப்டன். நீங்க எங்க கிளம்பறீங்க?”

“அதிகாரி வந்ததும் ராமனை ஒரு சுத்து சுத்திக் காட்டணும். மெஷின் மேல தப்பில்லை, அந்தப் பொண்ணு மேலதான் தப்புன்னு அவருக்குத் தெரியணுமாம். முதலாளி உத்தரவு.”

ஹில்டா ராமனின் உச்சியை ஏறிட்டுப் பார்த்தாள். “சார், பூஜைக்கு அப்புறம் இதை யாராவது செக் பண்ணினாங்களா?”

“பண்ண வேண்டியவளை வீட்டுக்கு அனுப்பியாச்சே” என்று சொல்லிவிட்டு ரகுநாதன் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

சற்றுத் தள்ளி, லட்சுமணன் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதிகாரி வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். துலுக்கானம் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான், லோகநாயகி நுழைந்தாள். தார்ப்பாயை விலக்கியதும் பிளேடுகளின் அடிக்கட்டைகள் மூன்றும் மண்ணில் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயிண்ட் புள்ளி, சிவப்பு, மஞ்சள், பச்சை.

“அக்கா, என் கணக்கு இதான்” என்றான் துலுக்கானம், சிவப்புக் கட்டையின் மேல் ஒய்யாரமாகக் கையை ஊன்றிக்கொண்டு. “கேப்டனுக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஆவல. ராவோட ராவா வந்து போல்ட்ட கயட்டி உட்டுட்டாரு. தனக்கு அடிபடாத மாரி தாவிட்டாரு. அதான் நெத்தியில சின்னதா ஒரு… ஆ… ஐயோ…”

கையை உதறிக்கொண்டு குதித்தான். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை எறும்பு.

“சுள்ளெறும்புக்கா. உயிர் போவுது.”

லோகநாயகி அவனைப் பார்க்கவில்லை. குனிந்து எறும்புகளைத்தான் பார்த்தாள். மண்ணிலிருந்து ஒரு சாரை புறப்பட்டுச் சிவப்பு டாம்பரின் இடுக்கில் ஏறியது. இன்னொரு சாரை மஞ்சள் டாம்பருக்குப் போனது. பச்சைப் பக்கம் ஒரு எறும்புகூட இல்லை.

“ஹில்டா, இதுக்கு என்ன எண்ணெய் போடுவீங்க?”

“இதுக்கா? ஒண்ணும் போடக் கூடாது மேடம். உரசல்தான் வேலைன்னு சொன்னேனே. சொட்டு எண்ணெய் பட்டாலும் தட்டு வழுக்கிடும்.”

“மெஷின் ஆயிலுக்கோ கிரீஸுக்கோ எறும்பு வருமா?”

“வராது.”

லோகநாயகி சுண்டு விரலை இடுக்கில் விட்டு எடுத்தாள். முகர்ந்தாள். துலுக்கானத்தின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“நல்லெண்ணெ” என்றான் அவன், வலியை மறந்து. “தோசைக்குப் பொடி போட்டுக் கொயைக்கிற எண்ணெக்கா இது.”

தராசு வந்தது. ஹில்டா கொக்கியைச் சிவப்புக் கட்டையில் மாட்டி இழுத்தாள். முள் அசைவதற்கு முன்பே கட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மஞ்சளும் அப்படியே. பச்சையில் மாட்டி இழுத்தாள். கட்டை நகரவில்லை. துலுக்கானமும் சேர்ந்து இழுத்தான். முள் முக்கால் வட்டம் போன பிறகுதான் கட்டை முனகிக்கொண்டே லேசாக நகர்ந்தது.

ஹில்டா தராசைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. “இப்படித்தான் மேடம் மூணும் இருந்துச்சு. பூஜைக்கு முன்னாடி நான் பார்த்தப்ப மூணும் இப்படித்தான் இருந்துச்சு.”

“தெரியுது” என்றாள் லோகநாயகி. “ரெண்டுக்கு ஊத்தினவங்க மூணாவதை ஏன் விட்டாங்கன்றதுதான் இப்ப கேள்வி. வா, ஷெட்டைப் பார்க்கலாம்.”

ஷெட்டுக்குள் ஆயுத பூஜை போட்டது போட்டபடி இருந்தது. விஜயதசமி அன்று பூஜையைக் கலைப்பதற்குள் விபத்து நடந்துவிட்டதால் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. இடது பக்கச் சுவர் ஓரமாகப் பலகை போட்டு, சரஸ்வதி படம், வாடிய மாலை, அவல் பொரி, குத்துவிளக்கு, ஒரு பித்தளைக் கிண்ணம். படத்துக்கு முன்னால் கம்பெனியில் இருந்த அத்தனை ஸ்பேனரும் குறடும் குவித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். வாசலில் நசுங்காத எலுமிச்சம்பழம் இரண்டு. ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது, பழத்தை எதன் அடியில் வைப்பது என்று அன்றைக்குப் பெரிய சர்ச்சையே நடந்ததாம்.

“அங்க பாரு. உன் கணக்கு போச்சு துலுக்கானம்” என்றாள் லோகநாயகி.

“ஏன்?”

“ராவோட ராவா போல்ட்டைக் கழட்ட ஸ்பேனர் வேணும். எல்லா ஸ்பேனரும் இங்க இருக்கு. பொட்டு ஒண்ணுகூடக் கலையல. பூஜைக்கு வெச்ச ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் யாரும் தொடல. தொட மாட்டாங்க, இந்தப் பக்கம் எவனுக்கும் அந்தத் தைரியம் வராது. ஹில்டா, பூஜை அன்னிக்கு லட்சுமணன் எங்க நின்னுது?”

“இதோ, இங்கதான். வால் வாசலைப் பார்த்து. நிறுத்தி வைக்கிறப்ப சிவப்பு பிளேடை வால் மேல கட்டிடுவோம். அப்ப மஞ்சள் வலது பக்கமா நிக்கும். பச்சை…”

அவள் தானே நிறுத்திவிட்டாள். மெதுவாகத் திரும்பிச் சரஸ்வதி படத்தைப் பார்த்தாள்.

“பச்சை இடது பக்கம்” என்று முடித்தாள் லோகநாயகி. “ஏணியைச் சாமி படத்து மேல போட்டாத்தான் அதுக்கு எட்டும்.”

வெளியே கார் ஹாரன் கேட்டது.

ராஜசேகரன் மட்டும் வந்து இறங்கினார். அதிகாரியின் ஜீப் பின்னால் வருகிறதாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒரு லேத் மெஷினோடு ஆரம்பித்து ஹெலிகாப்டர் வரை வந்தவர். நெற்றியில் திருநீறு, விரல்களில் மோதிரங்கள். ஹில்டாவைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

“கையெழுத்து ஆச்சா மேடம்?”

“ஆகல சார். வேற ஒண்ணு அகப்பட்டுச்சு” என்றாள் லோகநாயகி. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். ரகுநாதன் ராமனின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தவர், காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைப் பாதி விலக்கிக்கொண்டு கவனித்தார். “டாம்பர்ல நல்லெண்ணெய் ஊத்தியிருக்கு. தட்டு வழுக்கிப் போய்த்தான் மெஷின் ஆடி நொறுங்கியிருக்கு.”

ராஜசேகரன் ஒரு கணம்தான் தடுமாறினார். “பாத்தீங்களா? நான் சொல்லல? இந்தப் பொண்ணுதான். பூஜைக்கு எல்லாரும் நிக்கறப்ப இது ஓரமா நின்னு வேடிக்கை பாத்துது. நம்ம சாமி மேல பக்தி இல்லாதது, பூஜை நேரத்துலயே கை வரிசையைக் காட்டியிருக்கு.”

“பக்தி இல்லாதவங்க மூணுக்கும் ஊத்தியிருப்பாங்க சார்.”

“என்ன?”

“பச்சை டாம்பர் காய்ஞ்சு கிடக்கு. ஏன்னா அது சாமி படத்துக்கு நேர் மேல. அதுக்கு ஊத்தணும்னா சரஸ்வதி தலைக்கு மேல கால் வெச்சு ஏறணும். மெஷினைக் கெடுக்கணும்னு வந்தவன் படத்தை ஒரு ஓரமா நகர்த்தி வெச்சுட்டு மூணையும் முடிச்சிருப்பான். இவன் அப்படி இல்ல. சாமிக்குப் பயந்து மூணாவதை விட்டுட்டான். நல்லது நினைச்சுத்தான் ஊத்தியிருக்கான்.”

கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருமே அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

“பூஜை அன்னிக்கு மிசினாண்ட யாரெல்லாம் போலாம் நைனா?” என்று வீராசாமியை மெல்லக் கேட்டான் துலுக்கானம்.

வீராசாமி முதலாளியைப் பார்த்தார். ஓட்டை விழுந்த தன் குடிசைச் சுவரைப் பார்த்தார்.

“யார் ஊத்தினதுன்றது அப்புறம் இருக்கட்டும்” என்றாள் லோகநாயகி சாதாரணமாக. “சார், ராமனுக்கும் பூஜை போட்டீங்க இல்ல? அது பக்கத்துல சாமி படம் எதுவும் இல்லையே?”

ராஜசேகரன் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினார்.

“ஒண்ணுமில்ல. கேப்டன் இப்ப ராமனைக் கிளப்பப் போறாரு. பக்கத்து சீட் காலியா இருக்கு. நீங்க ஏறி உட்காருங்க. அதிகாரி வர்றப்ப முதலாளியே உள்ள உட்கார்ந்திருந்தா மெஷின் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு அவருக்குப் புரியும்.”

“நானா? எதுக்கு நான்?”

“பறக்கறதுக்கு. மெஷின் மேல தப்பில்ல, எல்லாம் ஹில்டாவோட அஜாக்கிரதைன்னுதானே எழுதச் சொன்னீங்க. பூஜைக்கு அப்புறம் ஹில்டா ராமனைத் தொடவே இல்ல. பயப்பட ஒண்ணுமே இல்லையே.”

ராஜசேகரன் ராமனை நோக்கி இரண்டடி வைத்தார். பார்வை சீட்டுக்குப் போகவில்லை, கதவுக்குப் போகவில்லை. நேராக உச்சிக்குப் போனது. மூன்று பிளேடும் சேரும் இடத்தில் போய் நின்றது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது.

“இப்ப வேணாம். ராகு காலம்” என்றார்.

“சனிக்கெயம ராகு காலம் காலீலயே பூட்ச்சு மொதலாளி” என்றான் துலுக்கானம். “ஒங்க பஞ்சாங்கம் இன்னா தனியா கீதா?”

ரகுநாதன் ஹெட்செட்டை முழுவதுமாகக் கழற்றினார்.

“ஏறுங்க சார்” என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

“ரகு, நீங்களும் என்ன…”

“என்னை ஏறச் சொன்னீங்க, நான் ஏறிட்டேன். நீங்களும் ஏறுங்க.”

ராஜசேகரன் ஏறவில்லை. ரகுநாதன் சாவியை உருவினார், இறங்கினார், நேராக ஹில்டாவிடம் நடந்து வந்து அவள் கையில் சாவியைக் கொடுத்தார். “உன்னைப் பத்தித் தப்பாப் பேசிட்டேம்மா” என்றார்.

அப்போதுதான் ராஜசேகரன் உடைந்தார். “முப்பது வருஷமா செய்யறேன் மேடம். மொதல் லேத்துக்கு என் கையால நல்லெண்ணெய் விட்டுத்தான் பூஜை போட்டேன். அதுலதான் வளர்ந்தேன். அன்னிக்கு ஏணியில ஏறிப் பொட்டு வெச்சேன். பிளேடைக் கையால அசைச்சுப் பாத்தேன், இறுகிக் கிடந்துச்சு. இறுகிக் கிடந்தா எண்ணெய் விடறதுதானே? லேத்துக்காரன் வேற என்ன செய்வான்? தெரிஞ்சா செஞ்சேன்?”

“எண்ணெய் விட்டது தெரியாம செஞ்சது சார்” என்றாள் லோகநாயகி. “அதுக்கு உங்களை யாரும் தூக்குல போட மாட்டாங்க. கேஜை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது தெரிஞ்சு செஞ்சது. இந்தப் பொண்ணுகிட்டக் கையெழுத்து கேட்டது தெரிஞ்சு செஞ்சது. ராமன் எப்படி இருக்கும்னு சந்தேகம் இருந்தும் கேப்டனை அதுல ஏத்தினீங்களே, அதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு எனக்குத் தெரியல.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“பக்கத்து சீட்டுன்னதும் நினைப்பு மாறிடுச்சு.”

கேட்டுக்கு வெளியே புழுதி கிளம்பியது. ஜீப் வந்துகொண்டிருந்தது. ராஜசேகரன் அதைப் பார்த்தார், அவசரமாக ஹில்டாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் பழைய வியாபாரி திரும்பி வந்திருந்தார்.

“இத பாரும்மா. நடந்தது நடந்துபோச்சு. மெஷின் கோளாறுன்னு சொல்லிடுவோம். உன் பேரும் வேணாம், என் பேரும் வேணாம். உன் வேலை உனக்கு. சம்பளம்கூடப் பாத்துப் போடறேன். நாளைக்கே வந்துடு.”

எல்லோரும் ஹில்டாவைப் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டால் லைசென்ஸ் இருக்கும், வேலை இருக்கும், வீட்டில் அம்மா ஆரோக்கியம்மாள் நிம்மதியாகத் தூங்குவாள். லோகநாயகி குறுக்கே பேசவில்லை. இது அந்தப் பெண் தீர்மானிக்க வேண்டியது.

“மெஷின்ல கோளாறு இல்ல சார்” என்றாள் ஹில்டா. “லட்சுமணன் நல்லா இருந்தான். நான் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தேன். என் மேல போட்ட பழியை எடுத்து அவன் மேல போடாதீங்க.”

“அட, அது வெறும் இரும்பும்மா.”

“இருக்கட்டும். என் பேர் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? என் பேர் வேணும். ஹில்டா பார்த்தப்ப மூணு டாம்பரும் இறுக்கமா இருந்துச்சுன்னு அதுல எழுதணும். யாரு தளர்த்தினாங்கன்னும் எழுதணும். இல்லைன்னா வேற எவனாவது, வேற எந்த ஊர்லயாவது, இறுகிக் கிடக்கேன்னு இதே மாதிரி ஊத்துவான். அங்க வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்க மாட்டாரு.”

அவள் ஷெட்டுக்குள் போனாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள். ஸ்பேனர்களைத் தொடாமல், அடியில் நல்லெண்ணெய் மிச்சமிருந்த பித்தளைக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். சுவரில் தொங்கிய சிவப்புத் துணியொன்றையும் எடுத்தாள். முதலில் ராமனிடம் போனாள். ஏணியில் ஏறி உச்சியில் அந்தத் துணியைக் கட்டினாள். அந்த மைதானத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டினவள் அவிழ்க்கும்வரை அந்த மெஷினை யாரும் கிளப்பக் கூடாது.

ஜீப் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. கனத்த பைலோடு அதிகாரி இறங்கினார். “இங்கே பொறுப்பு இன்ஜினியர் யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் சார்” என்றாள் ஹில்டா, ஏணியின் மேலிருந்தே, மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும்படி.

பிறகு இறங்கி வந்தாள். பித்தளைக் கிண்ணத்தை ராஜசேகரனின் இரண்டு கைகளையும் பிடித்து அவற்றில் வைத்தாள்.

“நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே கொண்டு போய்ச் சொல்லுங்க.”

ராஜசேகரன் லோகநாயகியைப் பார்த்தார். ரகுநாதனைப் பார்த்தார். தன் வேலைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் விலகி வழி விட்டார்கள். வழி ஜீப்பை நோக்கித்தான் இருந்தது.

“ஏன்க்கா” என்றான் துலுக்கானம் காதோரமாக, “இவுருதான நம்ம பார்ட்டி? நம்ம பீசு?”

“தராசைத் திருப்பிக் குடுக்கற வழியில அழுதுக்கலாம்” என்றாள் லோகநாயகி.

ராஜசேகரன் நடந்தார். கிண்ணத்தின் விளிம்பில் ஏறியிருந்த எறும்புகள் அவர் விரலுக்கு மாறி, மோதிரங்களைத் தாண்டி, மணிக்கட்டில் ஏறின. அவர் உதறவில்லை.